கேட்கத் தெரிந்த நண்பர்

(சங்கத்தின் நினைவேந்தல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள், நம் நண்பர் இந்தச் சங்கத்துக்குச் செய்த பணிகளையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டார்கள். பொருளாளராக இருந்தது, நோன்புக் கஞ்சிக்கு அரிசி கணக்குப் பார்த்தது, ஜனாஸா என்றால் நள்ளிரவிலும் முதல் ஆளாக வந்து நின்றது எல்லாம் சொல்லியாயிற்று. எனக்கு மிச்சம் வைத்திருப்பது ஒன்றே ஒன்றுதான். அவருடைய ரேடியோ. அதைப் பற்றிப் பேச இந்த மண்டபத்தில் என்னை விட்டால் ஆள் இல்லை என்று தலைவர் சொன்னார். அதனால் மட்டுமே மேடை ஏறியிருக்கிறேன். அவரை நாம் எல்லாரும் "ரேடியோ பாய்" என்றுதான் கூப்பிடுவோம். நானும் இன்றைக்கு அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் பழக்கம் தஞ்சோங் பகாரில் தொடங்கியது. அவருடைய அத்தா கடையநல்லூர்க்காரர், துறைமுகத்தில் வேலை. என் வாப்பா நாகூர்க்காரர், சில்லறைக் கடை. இரண்டு பேரும் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியில் ஒரே பெஞ்சு. 1946இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் பெரியவர்கள் தொடங்கி, 1960இல் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, 1982இல் மூடப்பட்ட பள்ளி அது. இன்று பீட்டி ரோட்டில் உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையத்துக்குப் போகும் பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பெயரின் பின்னால் இப்படி ஒரு பள்ளி இருந்தது தெரியுமோ என்னவோ.

பதின்மூன்று வயதில் அவர் ஒரு டயோடு, ஒரு சுருள் கம்பி, ஒரு பழைய காதுக்குழல், இவற்றை வைத்து ஒரு ரேடியோ செய்தார். அதற்கு மின்சாரமும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். வானத்தில் வரும் அலையின் சக்தியே அதற்குப் போதும். ஏரியலுக்குக் கம்பி இல்லாமல், வீட்டிலிருந்த இரும்புக் கட்டிலின் வலையில் அதை மாட்டினார். நான் காதில் வைத்தேன். ஒரு மனிதர் தமிழில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். "கட்டில் பேசுதுப்பா" என்று கத்தினேன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் அது.

அந்தக் காதுக்குழலை அவர் வாங்கியது சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில். 2017 ஜூலை மாதம் அந்தச் சந்தை மூடப்பட்டபோது, அதற்காக வருந்திய தமிழர்களில் இவர் ஒருவர் என்பது எனக்குத் தெரியும். ஜாலான் புசார் பக்கம் ஒரு கடையில் ரேடியோ, டேப் ரெக்கார்டர் பழுது பார்க்கும் வேலைக்குச் சேர்ந்த பிறகு, மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவர் சாப்பிடப் போகமாட்டார், சுங்கை ரோட்டுக்குத்தான் போவார். 1971இல் பிரிட்டிஷ் படைகள் இங்கிருந்து கிளம்பியபின், ராணுவத்தின் பழைய சாமான்கள் அங்கே தரையில் பாய் விரித்துக் கிடக்கும். வால்வு, மின்மாற்றி, அளவுமானி என்று ஏதாவது ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்து வருவார். பிறகு தேக்காவில் என் கடைக்கு வந்து, நான் வாங்கி வைத்திருக்கும் சாப்பாட்டில் பாதியைச் சாப்பிடுவார்.

இந்தப் பொழுதுபோக்கு என்னவென்று இளைஞர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒலி 96.8 கேட்பது அல்ல இது. அது ஒருவர் பேசப் பலர் கேட்பது. அமெச்சூர் ரேடியோ என்பது இருவரும் பேசி இருவரும் கேட்பது. "ஹாம்" என்று சொல்வார்கள். அரசாங்கத்தின் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும். அன்று தொலைத்தொடர்பு ஆணையம், இன்று தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம். உரிமம் கிடைத்தால் உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத ஓர் அழைப்புக் குறி தருவார்கள். சிங்கப்பூர்க் குறிகள் ஒன்பது, வி, ஒன்று என்று தொடங்கும். பிரிட்டிஷ் காலத்தில் வி, எஸ், ஒன்று. மலேசியாவோடு இருந்தபோது ஒன்பது, எம், நான்கு. ஆக, நம் நாட்டின் சரித்திரமே அந்த மூன்று எழுத்துகளில் இருக்கிறது.

காற்றில் வியாபாரம் பேசக்கூடாது. பாட்டுப் போடக்கூடாது. மறைபொருளாகச் சங்கேத மொழியில் பேசக்கூடாது. அரசியல், மதம் பற்றி வாக்குவாதம் செய்யமாட்டார்கள். "பிறகு என்னதான் பேசுவீங்க?" என்று இவர் மனைவி ஒருமுறை கேட்டார்கள். "உன் குரல் எனக்கு எப்படிக் கேட்குது, என் குரல் உனக்கு எப்படிக் கேட்குதுன்னு பேசுவோம்" என்றார் இவர். "இதைக் கேட்க உலகத்தைச் சுத்திப் போகணுமாக்கும்" என்று அந்தம்மா சொன்னது இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. முன்வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள், பாருங்கள்.

அந்தக் காலத்தில் எழுத்துத் தேர்வோடு மோர்ஸ் தேர்வும் உண்டு. 2003இல் உலக அளவில் அந்தக் கட்டாயத்தை எடுத்தார்கள். நான் எழுத்துத் தேர்வில் ஒரே தடவையில் தேறிவிட்டேன். மோர்ஸில் இரண்டு முறை தோற்றேன். நிமிடத்துக்கு 12 சொல் வேகம் வரவேண்டும் என்று ரேடியோ பாய் என்னை வறுத்தெடுத்தார். அவர் சொல்லித் தந்த முறை வேறு. புள்ளி, கோடு என்று காகிதத்தில் எழுதவே விடமாட்டார். "கண்ணால படிச்சா காது சோம்பேறி ஆயிரும்" என்பார். கோப்பிக்கடை மேசையில் கரண்டியால் தட்டுவார். டிட் டா. டா டிட் டிட் டிட். நாம் சின்ன வயதில் ஓதக் கற்றதும் அப்படித்தானே? உஸ்தாது ஓத, காதால் வாங்கி, நாவால் திருப்பிச் சொன்னோம். அந்த வழியில்தான் எனக்கும் மூன்றாவது முறை தேர்ச்சி கிடைத்தது.

உரிமம் வாங்கியாயிற்று. ஏரியல் கட்ட இடம்? இரண்டு பேரும் வீவக அடுக்குமாடி வீட்டுக்காரர்கள். 14 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு முறையான ஏரியல் என்றால் பத்து மீட்டர் நீளக் கம்பி வேண்டும். அதில் பாதியை வைத்தும் சமாளிக்கலாம். ஐந்து மீட்டரை எங்கே கட்டுவது? சமையலறை ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் மூங்கில் கம்பு இருக்கிறதல்லவா? இரண்டு கம்பை ஒன்றாகக் கட்டி, அதில் மெல்லிய செப்புக் கம்பியைச் சுற்றி, இஷாவுக்குப் பிறகு வெளியே நீட்டுவார். சுபுஹுக்கு முன் உள்ளே இழுத்துவிடுவார். ஏழு மணிக்கு அந்தக் கம்பில் வீட்டுத் துணி காயும். இரண்டு மூன்று குழல்விளக்கு எரியும் மின்சாரத்தில் அவர் குரல் ஜப்பானுக்குப் போகும், ஆஸ்திரேலியாவுக்குப் போகும்.

மேல் வீட்டுச் சீன மூதாட்டி ஒருநாள் கதவைத் தட்டினார். இவர் பேசும்போதெல்லாம் அவர் தொலைக்காட்சியில் கோடு கோடாக வருகிறதாம். இன்னொருவராக இருந்தால் "எனக்கு உரிமம் இருக்கிறது" என்று காகிதத்தைக் காட்டியிருப்பார். இவர் தன் கருவிகளை எடுத்துக்கொண்டு மேலே போனார். அந்தம்மாவின் தொலைக்காட்சி வயரில் ஒரு காந்த வளையம் மாட்டினார், தன் கருவியிலும் ஒரு வடிகட்டி சேர்த்தார். கோடு நின்றது. அதிலிருந்து ஒவ்வொரு சீனப் புத்தாண்டுக்கும் அந்த வீட்டிலிருந்து ஆரஞ்சுப் பழம் வரும், நோன்புப் பெருநாளுக்கு இங்கிருந்து பலகாரம் போகும். பிறருக்கு இடைஞ்சல் தராமல் பேசுவதுதான் இந்தப் பொழுதுபோக்கின் முதல் பாடம் என்பார். அந்தப் பாடத்தை எனக்கு அவர் எப்படிக் கற்றுத் தந்தார் என்பதைத்தான் சொல்ல வந்தேன். கொஞ்சம் பொறுங்கள்.

ஒருவரோடு முதல்முறை பேசினால், அதற்குச் சாட்சியாக ஓர் அஞ்சல் அட்டை அனுப்புவார்கள். கியூ எஸ் எல் அட்டை என்று பெயர். காங் குவான் பிஸ்கட் தகரப் பெட்டி மூன்று நிறைய அவரிடம் அட்டைகள் இருந்தன. ஓர் அட்டைக்காக மட்டும் கடைசிவரை ஏங்கினார். ஜோர்டான் மன்னர் ஹுசைன் ஒரு ஹாம் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஜே, ஒய், ஒன்று என்பது அவர் குறி. அரண்மனையிலிருந்து சாதாரண மனிதரைப்போல் வந்து பேசுவார். இந்தியப் பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான். மன்னரின் குரலை ரேடியோ பாய் ஒருமுறை கேட்டார். ஒரே நேரத்தில் நூறு பேர் அவரைக் கூப்பிடுகிறார்கள். இவரும் கூப்பிட்டார். மூங்கில் கம்பின் குரல் எடுபடவில்லை. 1999 பிப்ரவரியில் மன்னர் மறைந்த செய்தி வந்த அன்று, "நான் கேட்டேன், அவர் கேட்கலை. அவ்வளவுதான்ப்பா" என்றார்.

இனி 2004ஆம் ஆண்டுக்கு வருகிறேன். அதற்குள் என் உரிமம் காலாவதியாகி, கருவியையும் விற்றிருந்தேன். பிள்ளைகள் படிப்பு, கடை என்று வாழ்க்கை அப்படி. வாரம் ஒருநாள் அவர் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதோடு சரி.

அந்த டிசம்பர் மாதத் தொடக்கத்தில் அவருக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. அந்தமான் தீவுகளிலிருந்து பல ஆண்டுகளாக ஹாம் குரலே வராமல் இருந்தது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிலையத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி, பல ஆண்டுகள் முயன்று அரசின் அனுமதி பெற்று, ஒரு குழுவோடு போர்ட் பிளேருக்கு வந்து பேசத் தொடங்கியிருந்தார். உலகமே அவர்களைப் பிடிக்கப் போட்டி போட்டது. சிங்கப்பூரிலிருந்து போர்ட் பிளேர் ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர்தான். நம்மவருக்கு இரண்டாம் நாளே கிடைத்துவிட்டது. "அந்தமான் கிடைச்சிட்டுது!" என்று கடைக்கே வந்து சொன்னார். கடையில் இருந்தவர்கள் ஏதோ வேலை கிடைத்திருக்கிறது என்று நினைத்து வாழ்த்துச் சொன்னார்கள்.

டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூர் நேரம் காலை மணி 9 ஆகப் போகும்போது சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. இங்கே சில உயரமான கட்டடங்களில்கூட லேசாக உணர்ந்தார்கள். மதியத்துக்குள் செய்தி வரத் தொடங்கியது. அச்சே, புக்கெட், இலங்கை, சென்னை, பிறகு நாகப்பட்டினம். அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பது பின்னால் தெரிந்தது. அன்று பகலில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஊரின் பெயர் மட்டும்தான்.

என் லாத்தா நாகூரில் வாழ்க்கைப்பட்டவர்கள். கடற்கரைக்குப் போகும் தெருவில் வீடு. மதியத்திலிருந்து தொலைபேசியைச் சுழற்றிக்கொண்டே இருந்தேன். ஒன்று மணி அடிக்காது, அல்லது "எல்லா இணைப்புகளும் பயன்பாட்டில் உள்ளன" என்று வரும். தேக்காவில் அன்று எத்தனை பேர் அப்படிக் கையில் தொலைபேசியோடு நடைபாதையில் நின்றார்கள் என்பதை உங்களில் வயதானவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

மாலை ஏழு மணிக்கு ரேடியோ பாய் வீட்டுக்கு ஓடினேன். அவர் காதுக்குழலை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தமானில் தொலைபேசி அறுந்து போயிருந்தது. ஒரு மகிழ்ச்சிக்காகப் போன அந்தக் குழு அப்படியே அவசரகால நிலையமாக மாறிவிட்டது. ஒரு பகுதியினர் பிறகு கார் நிகோபாருக்கும் போனார்கள். இலங்கையிலும் ரேடியோ சங்கத் தலைவர் விக்டர் குணதிலகவும் நண்பர்களும் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே சேதி கடத்தினார்கள். இதெல்லாம் பின்னால் படித்தது. அன்றைக்கு என் காதில் விழுந்தது இரைச்சலுக்கு நடுவே ஊர்ப் பெயர்களும் ஆள் பெயர்களும், "நலம்", "காணவில்லை" என்ற சொற்களும்தான்.

நான் சொன்னேன்: "நீ ஒரு வார்த்தை கூப்பிட்டுக் கேளுப்பா. நாகப்பட்டினம் பக்கம் யாராவது இருக்காங்களான்னு கேளு. நாகூர் எப்படி இருக்குன்னு மட்டும் கேளு."

அவர் காதுக்குழலை ஒரு பக்கம் நகர்த்திவிட்டு, "முடியாதுப்பா. இது அவசர வலை. நடத்துறவர் கூப்பிட்டாத்தான் பேசணும். நான் இப்ப உள்ள புகுந்தா, அந்த நேரத்துல அங்கேருந்து வர்ற ஒரு பேரு அடிபட்டுப் போயிரும். அது எந்த வீட்டுப் பேரோ" என்றார்.

நான் கெஞ்சினேன். பிறகு கத்தினேன். "உன் கூடப் பிறந்தவளா இருந்தா இப்படி உட்கார்ந்திருப்பியா? இவ்வளவு வருஷம் இந்தக் கம்பியைக் கட்டிக்கிட்டு அழுதியே, ஒருநாள், ஒரே ஒருநாள் மனுஷனுக்கு உதவாத கம்பி எதுக்கு?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கையை மட்டும் உயர்த்தினார். பொறு, ஏதோ கேட்கிறது என்பது அதன் பொருள். எனக்கு அது "வாயை மூடு" என்பதுபோல் தெரிந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மறுநாள் மதியம் அவர் கடைக்கு வந்தார். நான் உள்ளே போய்விட்டேன். பையனிடம் "முதலாளி இல்லை" என்று சொல்லச் சொன்னேன். 28ஆம் தேதி இரவு லாத்தாவின் மகன் திருவாரூரிலிருந்து தொலைபேசினான். எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள், தர்காப் பக்கம் ஓடித் தப்பினார்கள், வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்துபோனது என்றான். அல்ஹம்துலில்லாஹ் என்று அழுதேன். ஆனால் அந்த நல்ல செய்தியைக்கூட நான் ரேடியோ பாய்க்குச் சொல்லவில்லை. வேறு யாரோ சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது.

பத்து மாதம் நாங்கள் பேசவில்லை. ஐம்பது ஆண்டுப் பழக்கத்தில் பத்து மாதம். 2005 நவம்பரில் நோன்புப் பெருநாள் தொழுகை முடிந்து, டன்லப் ஸ்திரீட் அப்துல் கபூர் பள்ளிவாசல் வாசலில் கூட்டத்தோடு கூட்டமாக வந்துகொண்டிருந்தேன். யாரோ பின்னாலிருந்து கட்டித் தழுவினார்கள். திரும்பினால் அவர். "ஈத் முபாரக். லாத்தா சௌக்கியமா?" என்றார். அவ்வளவுதான். அந்த இரவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அப்படியே பழைய மாதிரி ஆகிவிட்டோம். ஆனால் "மன்னிச்சுக்கப்பா" என்று நான் சொல்லவே இல்லை. சரி, எனக்கு உள்ளே ஒரு மூலையில் அந்தக் கோபம் கொஞ்சம் இருந்துகொண்டே இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அவருடைய அந்தக் குணத்தால் இந்தச் சங்கம் அடைந்த பயனை ஒன்று சொல்ல வேண்டும். 2020இல் கொவிட் வந்தது. மார்ச் 13 முதல் ஜும்ஆ இல்லை, பள்ளிவாசல்கள் மூடப்பட்டன. ஏப்ரல் 7 முதல் வீட்டைவிட்டு வெளியே வரமுடியாத நிலை. நம் சங்கத்தில் தனியாக வாழும் மூத்தவர்கள் பலர். என்ன செய்வது என்று செயற்குழுவில் கைபேசி வழியாகப் பேசினோம். ஆளுக்கொன்று சொன்னார்கள். ரேடியோ பாய் ஒரு பட்டியல் கேட்டார். அவசர வலையை நடத்துவதுபோலவே நடத்தினார். இரவு ஒன்பது மணி. பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் அதே வரிசையில் நான்கு பேர் பிரித்துக்கொண்டு கூப்பிடுவது. அரட்டை வேண்டாம். "சாப்பிட்டீங்களா? மருந்து இருக்கா? ஏதும் வேணுமா?" மூன்று கேள்வி. பதில் சொல்லாதவர் பெயருக்கு நேரே ஒரு குறி. பத்து நிமிடம் கழித்து மறுபடி. அதற்கும் பதில் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தகவல்.

அந்த நோன்பு மாதத்தில் ஓர் இரவு, பெரியவர் ஒருவர் இரண்டு முறையும் எடுக்கவில்லை. "தூங்கியிருப்பார், காலையில் பார்க்கலாம்" என்று நான்தான் சொன்னேன். ரேடியோ பாய் ஒப்புக்கொள்ளவில்லை. "அவர் தினமும் ரெண்டாவது மணியிலேயே எடுப்பாரு. இன்னிக்கு எடுக்கலைன்னா அதுவும் ஒரு சேதிதான்" என்றார். பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம் போய்ப் பார்த்தது. குளியலறையில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல் கிடந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வந்தது. அந்தப் பெரியவர் இன்று இந்த மண்டபத்தில் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அல்லாஹ் அவருக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும்.

ரேடியோ பாய் சென்ற ஆண்டு வஃபாத்தானார். ஹாம் வழக்கில் இறந்தவரை "சைலன்ட் கீ" என்பார்கள். மௌனமாகிவிட்ட விசை என்று பொருள். நாற்பதாம் நாள் கழிந்து, அவர் மனைவி என்னைக் கூப்பிட்டு, "இந்தச் சாமானெல்லாம் உங்களுக்குத்தான் புரியும், பாருங்க" என்றார்கள். கருவிகள், பிஸ்கட் பெட்டிகள், கூடவே அவருடைய பதிவேடுகள். ஒவ்வொரு ஹாமும் தான் யாரோடு எப்போது பேசினோம் என்பதை எழுதிவைப்பார். ஆண்டு வாரியாக அடுக்கியிருந்தார். என் கை தானாக 2004ஐ எடுத்தது.

டிசம்பர் 26. முதலில் நேரத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மணி 11:00 என்று தொடங்கியது. காலை பதினொரு மணிக்கே உட்கார்ந்துவிட்டாரா? பிறகுதான் உறைத்தது. ஹாம்கள் உலக நேரத்தில் எழுதுவார்கள். நம் நேரத்துக்கு எட்டு மணி கூட்ட வேண்டும். 11:00 என்றால் மாலை ஏழு, நான் போய்ச் சேர்ந்த நேரம். 13:10 என்ற இடத்தில், குறிப்புக்கான கட்டத்தில் தமிழில் எழுதியிருந்தார்: "நண்பன் போய்விட்டான். கோபம். நியாயம்தான்."

அதற்குக் கீழே அரை மணிக்கு ஒருமுறை எழுத்து. கேட்ட ஊர்ப் பெயர்கள், கேட்ட ஆள் பெயர்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் இரண்டே சொல்: "நாகூர் இல்லை." நள்ளிரவுக்குப் பிறகு 14 மெகாஹெர்ட்ஸ் மங்கிவிடும். அப்போது 7 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கி இந்திய நிலையங்களைத் தேடியிருக்கிறார். ஓர் இடத்தில் "நாகப்பட்டினம்" என்று எழுதி, மூன்று கோடு போட்டு, "பெயர் மட்டும். விவரம் இல்லை" என்றிருந்தது. மறுபடி "நாகூர் இல்லை." கடைசி வரி 20:30. நம் நேரம் விடியற்காலை நாலரை. "நாகூர் இல்லை. சுபுஹுக்கு எழவேண்டும். நாளை கடைக்குப் போய்ச் சொல்ல வேண்டும்."

ஒன்பதரை மணி நேரம். ஒரு வார்த்தைகூடப் பேசாமல், என் லாத்தாவின் ஊர்ப் பெயருக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். அதைச் சொல்லத்தான் மறுநாள் கடைக்கு வந்திருக்கிறார். நான் "முதலாளி இல்லை" என்று சொல்ல வைத்தேன். பிறகு பதினெட்டு ஆண்டுக்கு மேல் என் பக்கத்திலேயே இருந்தார். ஒருநாளும், "அன்னிக்கு நான் உனக்காக விடிய விடிய முழிச்சிருந்தேன்" என்று சொல்லிக்காட்டவில்லை. நம்மில் யாரால் முடியும்? ஒரு கோப்பை தே தாரேக் வாங்கிக் கொடுத்தாலே நாலு பேரிடம் சொல்லிவிடுகிறோம்.

பேசாமல் இருந்தால் உதவவில்லை என்று நான் நினைத்தேன். அன்றிரவு அவர் பேசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும், ஆனால் யாருடைய சேதியோ தொலைந்திருக்கும். பேசாமல் கேட்டதால் என் கோபத்தை அவர் வாங்கிக்கொண்டார், யாருக்கும் எதுவும் தொலையவில்லை. இது எனக்கு இப்போதுதான் புரிகிறது, தாமதமாகப் புரிகிறது. அவர் மனைவி, மக்கள் முன்னிலையில், அன்று சொல்லாத சொல்லை இன்று சொல்கிறேன். மன்னிச்சுக்கப்பா.

சகோதரர்களே, ஐம்பது ஆண்டு நிறைந்த ஒரு சங்கம் என்ன செய்ய வேண்டும் என்று பெரியவர்கள் நிறையச் சொல்வார்கள். என் சார்பில் இரண்டு வேண்டுகோள். அவருடைய கருவிகளை அவர் குடும்பத்தார் சங்கத்துக்குத் தர முன்வந்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளில் நான்கைந்து பேர் தேர்வெழுதி உரிமம் வாங்க முன்வந்தால், சனிக்கிழமை தோறும் வந்து சொல்லித்தர நான் தயார். கைபேசி இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பீர்கள். 2004 டிசம்பர் 26ஆம் தேதியும் என் கையில் தொலைபேசி இருந்தது. இரண்டாவது, கொவிட் முடிந்ததும் நாம் நிறுத்திவிட்ட அந்த இரவு ஒன்பது மணி அழைப்பை, வாரம் ஒருநாளாவது மறுபடி தொடங்குவோம். மூன்று கேள்விதான். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். யார் எடுக்கவில்லை என்பதைக் கவனிக்க ஓர் ஆள் இருந்தால் போதும். பட்டியல் அவருடைய கையெழுத்தில் இன்னும் என்னிடம் இருக்கிறது.

பேச்சை முடிக்கும்போது ஹாம்கள் "எழுபத்து மூன்று" என்பார்கள். அன்பான வாழ்த்துகள் என்று பொருள். மோர்ஸில் அதைத் தட்டினால், டா டா டிட் டிட் டிட், டிட் டிட் டிட் டா டா. முன்னாலிருந்து கேட்டாலும் பின்னாலிருந்து கேட்டாலும் ஒன்றுபோலவே இருக்கும். அதைக் கரண்டியால் தட்டி எனக்குச் சொல்லித் தந்தவர் அவர். அவருடைய பிழைகளைப் பொறுத்து, அவருடைய மண்ணறையை விசாலமாக்கி, மேலான சுவனத்தை அல்லாஹ் அவருக்கு அருள்வானாக. ஆமீன்.

எழுபத்து மூன்று, நண்பா. வஸ்ஸலாம்.